விழுந்தாலும் காத்திருக்கற பழம்: பொள்ளாச்சி ரோட்டுல ஒரு பொடக்காளித் தோட்டத்தோட ஏழு வருசம்

எங்க மாமனார் வீடு பொள்ளாச்சிக்கும் கிணத்துக்கடவுக்கும் நடுவுல ஒரு ஊருக்குள்ள இருக்குது. மொத்தம் 12 சென்ட், அதுல வீடு, முன்வாசல், கார் நிறுத்தற எடம் போக பின்னாடி பொடக்காளி மட்டும் சுமாரா 7 சென்ட். சுத்தி ஆறடி காம்பவுண்ட் செவுரு, மேக்கால பக்கத்துத் தோட்டத்துக்காரரோட தென்னந்தோப்பு. இந்த 7 சென்ட்ல 2017ல ஆரம்பிச்சு என்னென்ன பழமரம் வெச்சோம், எது பொழச்சுது, எது போச்சு, எதுனால போச்சுன்னு ஒரு தடவ முழுசா எழுதி வெச்சரலாம்னுதான் இது. நான் இருக்கறது திருப்பூர்ல, மாசத்துக்கு ஒருக்கா ரெண்டுக்கா போய்ப் பாக்கறதோட சரி. அதனால நோகாம பாத்துட்டு எழுதறவன்னு நெனச்சுக்காதீங்க, குழி வெட்டறப்ப முதுகு போனது எனக்குத்தான்.

மொதல்ல அங்க இருந்தது எல்லா ஊட்லயும் இருக்கற மாதிரி ஒரு சப்போட்டா, ஒரு கொய்யா, ரெண்டு எலுமிச்ச, ஒரு முருங்க. 2016ல வடகிழக்குப் பருவமழை பேஞ்ச லட்சணம் எல்லாத்துக்கும் தெரியும், தமிழ்நாட்டுக்கே 60 சதவீதத்துக்கு மேல கொறச்சல், நூறு வருசத்துக்கு மேல பாக்காத வறட்சி. பொள்ளாச்சிப் பக்கம் தென்ன மரமே கொண்ட சாஞ்சு நின்னுச்சு. போர்ல தண்ணி இல்லாம லாரித் தண்ணிய குடிக்கறதுக்கு வாங்குனாங்க, எலுமிச்சைக்கு யாரு ஊத்துவா. 2017 சித்திரைக்குள்ள முருங்கையத் தவிர மத்ததெல்லாம் முடிஞ்சுது. முருங்கையும் அந்த வருசம் ஆடிக் காத்துல ஒடிஞ்சு விழுந்துருச்சு. ஆக வெறும் எடம்.

மாமாவுக்கு அப்ப 68 வயசு, அத்தைக்கு 63. பெரிய மக அமெரிக்காவுல. வருசம் விட்டு வருசம் மாசி பங்குனியில கெளம்பிப் போனா ஐப்பசி தீவாளிக்குத்தான் திரும்புவாங்க. அதாவது வெயில் காலம் பூரா ஊடு பூட்டிக் கெடக்கும். ஆள் வெச்சுத் தண்ணி ஊத்தலாம்னா ஆளு கெடைக்கறதே கஷ்டம், கெடைச்சாலும் ரெண்டு நாள் வருவான், மூணாவது நாள் போன எடுக்க மாட்டான். இதுதான் எங்களுக்கு மொதல் கண்டிசன். தண்ணி ஊத்தாட்டியும் சாகாம இருக்கோணும். அத்தையோட கண்டிசன் ரெண்டாவது: "கொய்யாவும் மாம்பழமும் சந்தையில கெடைக்குது, கடையில கெடைக்காதத வைங்க". மாமாவோட கண்டிசன் மூணாவது, அதுதான் தலைவலி. அவருக்கு மங்குஸ்தான் வேணும்.

மேட்டுப்பாளையம் தாண்டி குன்னூர் ரோட்டுல கல்லாறு, பர்லியாறு அரசு பழப்பண்ணைங்க இருக்குதில்ல, அங்க மங்குஸ்தான் மரம் நூறு வருசத்துக்கு மேல நிக்குது. மாமா வேலையில இருந்த காலத்துல அங்க அடிக்கடி போய்ட்டு வருவாரு, சீசன்ல வாங்கித் தின்ன ருசி நாக்குல இருக்குது. "அங்க வருது, நம்மூட்ல ஏனுங் மாப்ள வராது"ங்கறாரு. கல்லாறுல ஓடைக்கரை, மலையடிவாரம், எந்நேரமும் ஈரக்காத்து, மண்ணு புளிப்பு மண்ணு. நம்ம பொடக்காளியில ரெண்டடி தோண்டுனா ஓடக்கல்லு, அதான் சுண்ணாம்புக் கல்லு. மண்ணு டெஸ்ட்டுக்குக் குடுத்ததுல பிஎச் 8.3ன்னு வந்துது, புளிப்புக்கு நேரெதிர் கார மண்ணு, போர்த் தண்ணியில உப்பு அளவு (டிடிஎஸ்) 1400. இதெல்லாம் சொன்னேன். சொல்லியும் 650 ரூவா குடுத்து ஒரு மங்குஸ்தான், கூடவே ஒரு ரம்புட்டான், ஒரு அவகேடோ எல்லாம் வந்து எறங்கிருச்சு. மாமனார் கிட்ட ஒரு அளவுக்கு மேல பேச முடியாதுங்க.

இங்க காத்தப் பத்திச் சொல்லியே ஆகோணும், ஏன்னா எங்க சைடுல தோட்டம்னா மொத எதிரி வெயிலில்ல, காத்து. பாலக்காட்டுக் கணவாய் 30 கிலோமீட்டருக்கு மேல அகலம், மேற்குத்தொடர்ச்சி மலையில இருக்கறதுலயே பெரிய ஓட்ட அதுதான். ஆனி ஆடியில தென்மேற்குக் காத்து அந்த ஓட்ட வழியா புகுந்து அப்படியே பொள்ளாச்சி, உடுமல, பல்லடம்னு அடிச்சுட்டுப் போகும். அந்தப் பக்கம் காத்தாடி மில்லு அத்தன நிக்கறதே அதுக்குத்தான். அந்தக் காத்து மரத்த ஒடிக்கறது ஒருபக்கம், எலையில இருக்கற ஈரத்த உறிஞ்சீரும், பிஞ்ச ஒண்ணோடொண்ணு தேச்சு தோலெல்லாம் சொறி புடிச்ச மாதிரி ஆக்கீரும், பூவ உதுத்தீரும்.

எல்லாரும் செவுரு இருந்தா காத்து அடிக்காதுன்னு நெனைக்கறாங்க. நானும் அப்படித்தான் நெனச்சேன். ஆனா செங்கல் செவுத்துல மோதற காத்து மேல ஏறித் தாண்டி அந்தப் பக்கம் சுழண்டு விழும், செவுத்த ஒட்டி நாலடிக்கு அமைதியா இருக்கும், அதுக்கு அப்பால குப்ப கூளமெல்லாம் வட்டம் சுத்தறத நின்னு பாத்தாலே தெரியும். காத்த உண்மையிலயே அடக்கறது பாதி ஓட்ட பாதி அடப்பா இருக்கற மர வரிசதான், அதோட உயரத்தப் போல பத்து மடங்கு தூரம் வரைக்கும் வேகத்தக் கொறைக்கும். எங்களுக்கு அந்த வேலையப் பக்கத்துத் தென்னந்தோப்பு ஓசியில செஞ்சுட்டு இருந்துது. 2017ல நான் போட்ட கணக்கெல்லாம் அந்தத் தோப்பு அங்கயே நிக்கும்ங்கற நம்பிக்கையிலதான். அத அப்பறம் சொல்றேன்.

மரம் தேர்ந்தெடுக்கறப்ப வேண்டாம்னு தள்ளுனது ரெண்டு மூணு, அதுக்குக் காரணம் இருக்குது. நட்சத்திரப்பழம் அத்தைக்கு ரொம்பப் புடிக்கும், காத்து மறைவுல நல்லா வரும், வருசத்துக்கு ரெண்டு தடவ காய்க்கும். ஆனா அத்தைக்கு கிட்னி டெஸ்ட்ல கிரியேட்டினின் லேசா ஏறியிருக்குது. கிட்னி சரியில்லாதவங்க நட்சத்திரப்பழம் தின்னா விக்கல்ல ஆரம்பிச்சு, கொழப்பம், வலிப்பு, உசுருக்கே ஆபத்து வரைக்கும் போகும், அதுல இருக்கற கேரம்பாக்சின்ங்கற விசத்த கெட்டுப்போன கிட்னியால வெளிய தள்ள முடியாது. ஊட்ல மரம் இருந்தா ஒண்ணு ரெண்டு வாயில போடாம இருப்பாங்களா. அதனால அது வேண்டவே வேண்டாம்னுட்டோம். புளிச்சக்காய்னு சொல்ற பிலிம்பியும் அதே கதைதான், ஆக்சலேட் ஜாஸ்தி, கொத்துக் கொத்தா காய்க்குதேன்னு ஜூஸ் அடிச்சுக் குடிச்சு கிட்னிய கெடுத்துக்கிட்டவங்க கேரளாவுல உண்டு. முள்ளு சீத்தா புத்துநோயக் குணமாக்கும்னு வாட்சப்புல சுத்துதே, அதுக்கு மனுசங்க மேல நிரூபணம் எதுவும் கெடையாது, தெனமும் தின்னா நரம்புக்கு நல்லதில்லைன்னு வேற சொல்றாங்க. ஒரு சித்தப்பா நாத்து கொண்டு வந்து குடுத்தாரு, வாங்கி வேற ஒருத்தருக்குக் குடுத்துட்டேன்.

கடைசியா வெச்சது: பெருநெல்லி ரெண்டு, சீத்தா ரெண்டு, விளா ஒட்டு ஒண்ணு, முட்டப்பழம் ஒண்ணு, வெஸ்ட் இண்டியன் செர்ரி ரெண்டு, மல்பெரி ரெண்டு, அத்தி ஒண்ணு, கெழக்கு செவுத்த ஒட்டி களாச்செடி ஆறு, அப்பறம் மாமாவோட மூணு மலையாளத்து விருந்தாளிங்க. நெல்லி ரெண்டும் வேற வேற ரகம், ஒண்ணு பவானிசாகர்ல வெளியிட்ட பிஎஸ்ஆர் 1, இன்னொண்ணு வடநாட்டு என்ஏ 7. தனி மரமா நின்னா பூத்துக் கொட்டும், காய் புடிக்காது, வேற ரகத்து மகரந்தம் வேணும். இத சொல்லாமயே நர்சரிக்காரங்க ஒரே ரகத்துல ரெண்டு எடுத்துக் குடுத்தர்றாங்க, நாமதான் கேட்டு வாங்கோணும். மல்பெரிக்குக் காசே இல்ல, உடுமல பக்கம் பட்டுப்பூச்சி வளக்கற ஒரு தோட்டத்துல கவாத்து பண்ணிப் போட்டிருந்த குச்சிய நாலு பொறுக்கிட்டு வந்து மண்ணுல சொருகுனது, ரெண்டு தளுத்துது.

நடவு ஐப்பசி மழைக்கு முன்னாடி, 2017 அக்டோபர் மொத வாரம். மூணடிக்கு மூணடி குழி, ஓடக்கல்லு வந்த எடத்துல கடப்பாரையால ஒடச்சுத் தள்ளுனோம், ஒடைக்காம மேல மண்ணப் போட்டு நட்டா ரெண்டு வருசம் நல்லா வந்துட்டு வேரு பாறையில முட்டுனதும் அப்படியே நின்னு போகும். குழிக்கு அடியில ஒரு வரிசை தேங்கா மட்ட, குழிப்பக்கம் மேல பாத்த மாதிரி அடுக்கிப் போட்டோம். மழத்தண்ணிய ஒவ்வொரு மட்டையும் கிண்ணம் மாதிரி புடிச்சு வெச்சுக்கும். பொள்ளாச்சியில மட்டைக்குப் பஞ்சமா. மேல மூடாக்குக்கும் மட்டதான், அது மட்டும் கவுத்து வெக்கோணும், இல்லன்னா கொசு முட்டையிடும். இது தவிர உரம்னு போட்டது ஆட்டுப் புழுக்கை மட்டும்தான்.

மொத பலி மங்குஸ்தான். அதுக்குன்னு நெழல்வலையெல்லாம் கட்டி, தெனமும் அத்தை குடிதண்ணிய ஊத்துனாங்க, போர்த் தண்ணி கூட இல்ல. 2018 ஆடியில எலை ஓரமெல்லாம் தீஞ்ச காயிதம் மாதிரி சுருண்டுச்சு. மறுபடி ஒரு ஜோடி எலை வந்துது, 2019 பங்குனியில அதுவும் காஞ்சுது. குச்சிய ரொம்ப நாள் மாமா புடுங்க விடல. நகத்தால சொரண்டிப் பாத்து "பச்ச இருக்குதுங்"கன்னுட்டே இருந்தாரு.

ரம்புட்டான் வேற மாதிரி. அது சாகல, வெளுத்துப் போச்சு. எலை மஞ்சள், நரம்பு மட்டும் பச்ச. இரும்புச்சத்து கொறைன்னு பாத்தவொடனே தெரியும், ஒடனே அன்னபேதி, அதான் இரும்பு உப்பு, வாங்கி வேர்ல போட்டோம். ஒண்ணும் ஆகல. ஆகாதுங்க, சுண்ணாம்பு மண்ணுல போட்ட அன்னபேதி வேர் எடுக்க முடியாத துருவா மாறி அங்கயே கெடக்கும். எலைமேல தெளிச்சா பத்து நாளைக்குப் பச்ச வரும், புது எலை மறுபடி மஞ்சள். ஈடிடிஎச்ஏன்னு ஒரு வகை செலேட் இரும்பு இருக்குது, அது இந்த பிஎச்லயும் வேலை செய்யும், ஆனா வெலையப் பாத்துட்டு மாமாவே "போச்சாதுங் விடுங்க"ன்னுட்டாரு. மண்ணுக்கு ஒவ்வாத மரத்த வெச்சா நீங்க மரத்த வளக்கல, ஆஸ்பத்திரி நடத்தறீங்க.

அடுத்தது யாரும் திட்டம் போடாம நடந்த பரீட்ச. 2020 பிப்ரவரில மாமாவும் அத்தையும் அமெரிக்கா போனாங்க. மார்ச் 24ல ஊரடங்கு. நான் திருப்பூர்ல, நடுவுல மாவட்ட எல்லை, இ-பாஸ் கேட்டா கல்யாணமா சாவான்னு கேக்கறான், "நெல்லிக்குத் தண்ணி ஊத்தோணும்"னு எழுத முடியுமா. ஜூன்ல விட்டதுக்கப்பறம்தான் போனேன். நடுவுல ரெண்டு மழ பேஞ்சிருக்கும், அவ்வளவுதான், ரெண்டு மாசத்துக்கு மேல ஒரு சொட்டு நாங்க ஊத்துன தண்ணி இல்ல. ரெண்டரை வயசுச் செடிங்க அத்தனையும்.

கேட்டத் தொறந்துட்டு உள்ள போறப்ப வயித்துல புளியக் கரைச்சுது. அவகேடோ சுத்தமா காலி, தொட்டா ஒடியுது. ரம்புட்டானும் அதோட முடிஞ்சுது. செர்ரி ரெண்டும் எலை ஒண்ணு இல்லாம வெறகுக் குச்சி மாதிரி நின்னுச்சு, செத்துப் போச்சுன்னே நெனச்சேன், ஆனா கீழ தண்டுல துளுத்துச்சு. மல்பெரியும் அப்படித்தான். முட்டப்பழம் பாதி எலையக் கொட்டிட்டு மீதி எலையோட மொறச்சுட்டு நின்னுது. சீத்தா வெயில் காலத்துல எப்படியும் எலையக் கொட்டிட்டுத் தூங்கற மரம், அதுக்கு ஊரடங்கே தெரியல. நெல்லி, விளா, களா மூணும் நான் போறப்ப புதுக் கொழுந்தோட இருந்துது. விளா மட்டும் ஒண்ணரை அடி ஜாஸ்தியா வளந்திருந்துச்சுன்னா நம்புவீங்களா. அன்னிக்கு நான் எடுத்த போட்டோவ மாமாவுக்கு அனுப்புனேன், அவரு மொதல்ல கேட்டது "அவகேடோவ சொரண்டிப் பாத்தீங்களா".

இதுவரைக்கும் எல்லாரும் சொல்ற கதைதான், வறட்சிய தாங்கற மரத்த வை, மண்ணுக்கு ஏத்தத வை. எங்களுக்கும் அதோட வேலை முடிஞ்சுதுன்னுதான் நெனப்பு. காய்ப்பு வந்ததுக்கப்பறம்தான் தெரிஞ்சுது, மரம் வளக்கறதுல வேலையே இல்ல, பழம் பழுக்கறப்பதான் அத்தன வேலையும்.

மல்பெரியவே எடுத்துக்கங்க. அதவிட சுலபமா வளர்ற மரம் ஒண்ணு காட்டுங்க. ஆனா கவாத்து பண்ணி ரெண்டு மாசத்துல பழுக்க ஆரம்பிச்சா தெனமும் காலையில பொறுக்கோணும், பொறுக்குனது சாயங்காலத்துக்குள்ள நசநசன்னு ஆயிரும். பொறுக்கலீன்னா கீழ விழுந்து தரையெல்லாம் ஊதா, குருவி தின்னுட்டு கொடியில காயற வேட்டி மேல பேளும், அந்தக் கறை சாமானியத்துல போகாது. மாமாவோட வெள்ள வேட்டி நாலு போச்சு. ஒரு மல்பெரிய 2022ல வெட்டிட்டோம், இன்னொண்ண துணிக்கொடிக்குத் தூரமா இருக்கறதால விட்டு வெச்சிருக்குது.

வெஸ்ட் இண்டியன் செர்ரியும் அதே ரகம். மழ பேஞ்சா பூக்கும், பூத்து ஒரு மாசத்துல பழம், வருசத்துக்கு நாலஞ்சு தடவ. வைட்டமின் சி ஆரஞ்சவிட பல மடங்கு. பறிச்சு ரெண்டு நாள்ல அழுகிரும், அதனாலதான் எந்தக் கடையிலயும் நீங்க அதப் பாக்க முடியாது. எங்க சின்னவ லீவுக்குப் போனா செடிகிட்டயே உக்காந்து தின்னுட்டு வருவா. ஆள் இருந்தா அருமையான செடி, ஆள் இல்லாட்டி எறும்புக்கும் பழ ஈக்கும் விருந்து.

சீத்தா கொஞ்சம் நடுவால. எங்க மரம் மூணாவது வருசத்துல பூத்துது, சித்திரை வைகாசியில மரமெல்லாம் பூ, ஒண்ணு கூட புடிக்கல. அத்தைக்குப் பெருத்த ஏமாத்தம். சீத்தாப்பூ மொதல்ல பொண்ணா இருந்துட்டு அப்பறம்தான் ஆணாகும், இதழ் லேசா விரிஞ்சிருக்கறப்ப சூல்முடி தயாரு, ஆனா மகரந்தம் வராது, மகரந்தம் வர்றப்ப சூல்முடி காஞ்சுபோயிருக்கும். ஒரு சின்ன வண்டுதான் ஒரு பூவுல இருந்து இன்னொண்ணுக்குக் கொண்டு போகோணும், வறண்ட சூட்டுல சூல்முடியும் சீக்கிரம் காஞ்சுரும். 2021ல அத்தை பேத்தியோட பெயிண்ட் பிரஷ்ஷ எடுத்துக்கிட்டு, விடியக்காலம் ஆறு மணிக்கு நல்லா விரிஞ்ச பூவ ஒரு டம்ளருக்குள்ள தட்டுவாங்க, மஞ்சளா தூளு விழும், அதத் தொட்டு பாதி விரிஞ்ச பூவுக்குள்ள பிரஷ்ஷ விட்டு ஒரு சுத்து சுத்துவாங்க. முப்பது பூவுக்குச் செஞ்சதுல பத்தொம்பது காய் புடிச்சுது. செஞ்ச பூவுக்கெல்லாம் செவப்பு நூல் கட்டிவிட்டதால எண்ண முடிஞ்சுது. அடுத்த வருசம் ஊர்ல இல்ல, பிரஷ்ஷும் இல்ல, ஆனா ஆனி மாசம் சாரல் ஈரத்துல தானாவே இருபது முப்பது காய் புடிச்சுது. சித்திரைப் பூ போனா போகுது, ஆனிப்பூ போதும்னு அத்தோட பிரஷ் வேலைய விட்டாச்சு.

செவுத்து மூலையில இருந்த சீத்தாவுக்குத்தான் மாவுப்பூச்சி மொய்க்கும். வெட்டவெளியில இருக்கற இன்னொரு சீத்தாவுக்கு அந்த அளவு இல்ல. காத்து மறைவுன்னா பூச்சிக்கும் அது மறைவுதான், காத்தோட்டமில்லாத சூடான மூலைய அதுக்கு ரொம்பப் புடிக்குது. எறும்பு ஏறாம தண்டுல பட்டையா ஒரு பிளாஸ்டிக் சுத்தி கிரீஸ் தடவுனதுல பாதி கொறஞ்சுது, எறும்புதான் அந்தப் பூச்சிய பால்மாடு மாதிரி வெச்சுக் காப்பாத்தறது.

ஓசி மறைவு குடுத்த தென்னந்தோப்பும் சும்மா இல்ல. ரூகோஸ் சுருள் வெள்ளை ஈன்னு ஒண்ணு 2016ல இந்தியாவுலயே மொதல்ல பொள்ளாச்சித் தென்னையிலதான் கண்டுபுடிச்சாங்க, எங்களுக்கு அந்தப் பெரும வேற. ஓலைக்கு அடியில வட்டம் வட்டமா வெள்ளையா முட்ட வெக்கும், அது கழியற இனிப்புத் தண்ணி கீழ இருக்கற செடி மேல சொட்டி, அதுல கரும்பூசணம் வந்து எலையெல்லாம் கரி பூசுன மாதிரி ஆயிரும். மருந்தடிச்சா அதத் திங்கற குளவியும் சாகும்னு வேளாண் பல்கலைக்கழகத்துக்காரங்க மைதாக் கஞ்சி காய்ச்சித் தெளிக்கச் சொல்றாங்க, காஞ்சதும் கரியோட சேந்து உரிஞ்சு வரும். செஞ்சோம், வேலை ஜாஸ்தி. ஆனா ஒண்ணு கவனிச்சேன், முட்டப்பழம், அத்தி மாதிரி அகல எலைக்குத்தான் இந்தக் கரி சேருது. நெல்லியோட சின்ன எலையில நிக்கறதே இல்ல. சீத்தா மாசியில எலையக் கொட்டறப்ப கரியையும் சேத்துக் கொட்டிட்டு சுத்தமா துளுக்குது. தென்னைக்குப் பக்கத்துல வெக்கறதா இருந்தா சின்ன எலை இல்லாட்டி எலையுதிர்க்கற மரமா பாத்து வைங்க. இத எனக்கு எந்த நர்சரியும் சொல்லல.

அத்தி பத்தி ரெண்டே வரி. பழம் நல்ல பழம்தான், ஆனா வேரு செப்டிக் டேங்க் குழாய்க்குள்ள பூந்துருச்சு, அத எடுக்க 7,000 ரூவா ஆச்சு. மரத்த வெட்டியாச்சு.

வௌவால் பிரச்சனைய நான் எதிர்பாக்கவே இல்ல. முட்டப்பழம் 2021 மார்கழியில மொதல்ல காய்ச்சுது. மஞ்சக்கரு மாதிரியே மாவா இருக்கும், தண்ணியே இருக்காது, வெறுமனே தின்னா தொண்டையில அடைக்கும், பாலும் நாட்டுச்சக்கரையும் போட்டு அடிச்சா பிரமாதம். செலோன்ல இத லாவுலுன்னு சொல்லுவாங்க. கெட்டியாப் பறிச்சு அரிசிக்குள்ள வெச்சா நாலஞ்சு நாள்ல பழுக்கும், மரத்துலயே விட்டா வௌவால் ராத்திரியில கடிச்சுப் போட்டுட்டுப் போயிரும். வௌவால் மூலமா பரவற நிபா வைரஸ் 2018ல கோழிக்கோட்டுல வந்ததுல இருந்து பாலக்காட்டு எல்லையில இருக்கற எங்களுக்கு வௌவால் கடிச்ச பழம்னாலே பயம், 2023 செப்டம்பர்ல மறுபடி வந்தப்ப அத்தை தோட்டத்துப் பக்கமே பசங்கள விடல. கடிபட்டது கீழ கெடந்தா கையில தொடாம மம்முட்டியால தள்ளிக் குழியில போட்டு மூடறது இப்ப வாடிக்கை. அதுவும் ஒரு வேலைதானுங்களே. ஆனா மரம் மேல குத்தம் சொல்ல முடியாது, சுண்ணாம்பு மண்ண அத்தன சுளுவா தாங்குன பழமரம் இது மாதிரி இன்னொண்ண நான் பாக்கல.

இப்படி ஒவ்வொண்ணா பட்டதுக்கப்பறம் நான் பழமரத்த வேற ஒரு அளவுகோல்ல பாக்க ஆரம்பிச்சேன். பழுத்ததுக்கப்பறம் எத்தன நாள் ஆளுக்காகக் காத்திருக்கும்? மல்பெரி அரைநாள், செர்ரி ரெண்டு நாள், சீத்தா கண்ணு விரிஞ்சு மூணு நாள்ல வெடிச்சுரும். நெல்லி முத்துனதுக்கப்பறமும் ஒண்ணு ரெண்டு மாசம் மரத்துலயே தொங்கும், கொட்டாது, நாம ஐப்பசியில வந்தாலும் கார்த்திகையில வந்தாலும் அது பாட்டுக்கு இருக்கும், வௌவால் சீண்டாது. களா காயாவே பறிச்சு ஊறுகா போடறது, பறிக்காட்டி கறுத்து குருவிக்கு, முள்ளு இருக்கறதால வேலிக்கு வேலி.

எல்லாத்தையும் தூக்கிச் சாப்பிட்டது விளாதான். ஒட்டுக்கன்னு, அஞ்சாவது வருசம் 2022ல மொத காய்ப்பு, பதினாலு. வெதைக்கன்னா இருந்தா இன்னும் ஜாஸ்தி நாள் ஆகும். பழுத்தா தானா விழும், விழுந்தாலும் ஓடு கட்டி, ஒரு ஈ எறும்பு உள்ள போக முடியாது, வாரக்கணக்குல அப்படியே கெடக்கும். பழுத்துதா இல்லையான்னு பாக்க ஒரு அடி ஒசரத்துல இருந்து தரையில போடோணும், எகிறுனா காய், பொத்துன்னு உக்காந்தா பழம். யானை உண்ட விளாங்கனின்னு சொல்றது மிருக யானைய இல்ல, ஓட்டுக்குள்ள சதைய இல்லாம பண்ணற ஒரு நோய்க்குத்தான் அந்தப் பேருன்னு ஒரு விளக்கம் உண்டு. எங்க மரத்துல அப்படி வெறும் ஓடு இதுவரைக்கும் ஒண்ணு வந்துது, அத மாமா சாமி ரூம்ல வெச்சிருக்காரு. விநாயகர் சதுர்த்திக்கு டவுன்ல ஒரு பழம் என்ன வெலைக்கு விக்குதுன்னு தெரியுமில்ல. கடையில கெடைக்காத பழம் வேணும்னு அத்தை கேட்டதுக்கு பேருக்கு அஞ்சு கெடைச்சாலும், உண்மையில பராமரிப்பு இல்லாததுன்னா இந்த ஒண்ணுதான். இத யாரும் அபூர்வப் பழம்னு போஸ்டர் போட்டு விக்கறதில்ல, அது நம்மூர்ப் பழம்ங்கற ஒரே காரணத்துக்காக.

2024ல தோப்புக்காரர் மரத்த வெட்டுனாரு. கேரள வாடல் நோய் பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் எத்தன தோப்ப அழிச்சுதுன்னு அங்க போய்ப் பாத்தவங்களுக்குத் தெரியும், மருந்து கெடையாது, வெட்டறதுதான் வழி. எங்க செவுத்த ஒட்டி இருந்த ரெண்டு வரிசையும் சித்திரையில போச்சு. அவரு பாவம், நாப்பது வருசத்து மரம், நாம காத்து மறைவு போச்சுன்னு அவர் கிட்ட போய் மூஞ்சிய தொங்கப் போட முடியுமா.

அந்த ஆடி நான் அங்க ரெண்டு நாள் தங்குனேன். ராத்திரி முழுக்க தகரம் அடிச்சுக்கற சத்தம். நெல்லி மரக்கட்ட மொறுக்குன்னு ஒடியற ஜாதி, அதுலயும் காய்ப்பு ஜாஸ்தி, பிஎஸ்ஆர் 1ல தொடை மொத்தத்துக்கு ஒரு கெளை பொளந்து பட்டையோட தொங்குச்சு. வாள் எடுத்து சமமா அறுத்து விட்டேன், மரம் தப்பிச்சுது, ஆனா ஒரு பக்கம் மொட்டையா நிக்குது. செர்ரி எலையெல்லாம் ஓரம் கருகிருச்சு. முட்டப்பழம் பிஞ்சு நெறைய கொட்டுச்சு, மரம் அசையல. சீத்தா தோல்ல கறுப்பு கறுப்பா தேய்ச்ச வடு. விளா மட்டும் என்னடா காத்துன்னு கேட்டுட்டு நின்னுச்சு. நெல்லிய செவுத்து மறைவுல வைக்காம தோப்பு மறைவ நம்பி நடுவால வெச்சது என் தப்பு. அடுத்தவன் தோட்டத்துல இருக்கற மறைவு நம்ம மறைவு இல்லைங்கறது அப்ப ஒறைக்கல. கையளவு எடம்னாலும் மேக்கால ஒரு வரிசை நம்முளுதா இருக்கோணும்.

இப்ப அந்த வரிசைக்கு மாமாவே ஒரு முடிவு எடுத்துட்டாரு. சவுக்கு வெக்கலாமா, அகத்தி வெக்கலாமான்னு நான் யோசிச்சுட்டு இருக்கறப்ப, சந்தையில வாங்கித் தின்ன கோணப்புளியங்கா, அதான் கொடுக்காப்புளி, அதோட கறுப்புக் கொட்டைய சேத்து வெச்சு பையில மொளைக்க வெச்சிருக்காரு. இருவது கன்னு. செவுத்துல இருந்து அஞ்சடி தள்ளி நட்டு, வருசா வருசம் பத்தடிக்கு மேல போகாம வெட்டி விடறதா திட்டம். முள்ளு இருக்குது, ஆடு தாண்டாது, தண்ணி கேக்காது, பேத்திங்க வந்தா தின்னும். மங்குஸ்தான் கேட்ட மனுசன்.

போன தடவ அவங்க மக ஊட்ல இருந்தப்ப ஒரு ஞாயித்துக்கெழம போன் பண்ணுனாரு, அங்க ராத்திரி. "பொடக்காளிக்குப் போனீங்களாங் மாப்ள, எத்தன விழுந்திருக்குது?" போனத் தோள்ல இடுக்கிக்கிட்டு சருகெல்லாம் வெலக்கிப் பொறுக்குனேன். பதினொண்ணு. ஒவ்வொண்ணா போட்டுப் பாருங்கன்னாரு, சத்தம் கேக்கோணுமாம், போன கீழ வெச்சுட்டு சிமெண்டுத் திண்ணையில ஒண்ணொண்ணா போட்டேன். பத்து பொத்துன்னு உக்காந்துது, ஒண்ணு எகிறிச்சு. "அது இன்னொரு வாரத்துக்கு இருக்கட்டுங்"ன்னாரு, எடுத்து சன்ஷேடு மேல வெச்சுட்டு வந்தேன்.